அலமாரி மேல் ஒரு கண்

அந்தப் பெரிய கடைத்தொகுதியின் கண்காணிப்பு அறையில் முப்பத்திரண்டு திரைகள். அவற்றின் முன்னால் எட்டு மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, கூட வேலை செய்யும் ஆண்கள் வைத்த பெயர் கழுகு. அது பாராட்டா கிண்டலா என்று அவள் கேட்டதில்லை. சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் துணிப் பிரிவிலிருந்து நழுவினால், நடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் கண்ணில் பட்டுத் தப்பித்தவன் கிடையாது.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. வீட்டில் அது குறிவைத்திருந்த ஆள் நாத்தனார்.

புருஷனுடைய அக்கா. துணி ஆலையில் இருபது வருஷம் பரிசோதனை மேசையில் நின்று, கழுத்துப்பட்டை கோணல், பொத்தான் தளர்வு என்று ஊர்ப்பட்ட சட்டைகளை ஒதுக்கித் தள்ளியவள். ஆலையை மூடினார்கள். அதே வாரம் கழுகின் பிரசவ விடுப்பும் முடிந்தது. “மூணு மாசம் வந்து பாப்பாவைப் பாத்துக்கிறேன்” என்று ஒரே ஒரு பையோடு வந்தவள், பதினாலு மாசமாகியும் கிளம்புகிற வழியைக் காணோம். வந்த மறுநாளே சமையலறை டப்பாக்கள் எல்லாம் இடம் மாறின. மூன்றாம் நாள், கழுகு துவைத்து மடித்து வைத்த பாப்பாவின் கவுனை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மறுபடி வாளியில் ஊறப் போட்டாள். அன்றோடு சரி.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. “பால் தீந்துபோச்சு” என்று ஒருத்தி சுவரிடம் சொல்வாள். “வாங்கி வச்சாச்சு” என்று இன்னொருத்தி ஜன்னலிடம் சொல்வாள். நடுவில் மாட்டிக்கொண்டவன், குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் புருஷன். ஊரார் வீட்டுப் பெட்டிகளையெல்லாம் குளிரவைக்கத் தெரிந்தவனுக்கு, தன் வீட்டில் தலையை ஆட்டுவதைத் தவிர வேறு வித்தை தெரியாது.

இந்தப் புகைச்சலில் எண்ணெய் ஊற்றியது மருத்துவமனை. தடுப்பூசி போடப் போனபோது டாக்டரம்மா கேட்டார், “பாப்பா என்னென்ன பேசுறா?”

பாப்பாவுக்கு இருபது மாசம். ‘ம்’ என்பாள், ‘ஊ’ என்பாள். வார்த்தை என்று ஒன்றுகூட இல்லை. அம்மா என்றும் சொன்னதில்லை. அதைச் சொல்ல வாய் வராமல், “புரிஞ்சுக்குவா டாக்டர்” என்று மட்டும் சொன்னாள் கழுகு.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். “இதை வீட்ல நிதானமா பாத்து நிரப்பிட்டு, அடுத்த சனிக்கிழமை வாங்க. பயப்படாதீங்க. ஆனா சும்மா விடவும் கூடாது.”

பேருந்தில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். இருபது கேள்விகள். உங்கள் குழந்தை தனக்குப் பிடித்த ஒன்றை உங்களுக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுகிறதா? நீங்கள் ஒன்றைச் சுட்டினால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறதா? ஒன்றைப் பார்த்துவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

பேனாவை எடுத்தவளுக்குக் கை ஓடவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு திரைகளில் யார் எந்தப் பக்கம் கையை நீட்டுகிறான் என்று சொல்லக்கூடியவளுக்கு, பெற்ற பிள்ளை விரல் நீட்டுவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. அவமானமாக இருந்தது. அவமானம் அவளுக்குள் அரை மணி நேரம்கூட அவமானமாகவே இருக்காது, கோபமாக மாறிவிடும். வீடு வந்து சேர்வதற்குள் குற்றவாளி யாரென்று முடிவாகிவிட்டது. பகல் பூராவும் பிள்ளையை வைத்திருப்பது யார்? பிள்ளை பேசவில்லை என்றால் பேச்சுக் கொடுக்காதது யார்?

உண்மையில் இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். ‘அண்ணி, பாப்பா விரல் நீட்டுவாளா?’ அரை நிமிஷத்தில் பதில் வந்திருக்கும். கேட்டால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, கழுகு கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாளே போய் ஒரு கேமரா வாங்கி வந்தாள்.

சின்னஞ்சிறு வெள்ளைப் பெட்டி, நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். இருப்பதிலேயே மலிவானது, சத்தம் பதியாது. அது ஒரு குறையாகவே அவளுக்குத் தோன்றவில்லை. கடைத்தொகுதியின் திரைகளிலும் சத்தம் கிடையாது. மனுஷர்கள் வாயால்தான் பொய் சொல்வார்கள், கை கால் பொய் சொல்லாது என்பது அவள் தொழிலில் கண்ட பாடம். நாத்தனார் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கூடத்து அலமாரி மேல் இருந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் சொருகினாள். கூடம் முழுக்கத் தெரிந்தது.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் திறந்து பார்த்தாள். நாத்தனார் தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். பக்கத்தில் பாப்பா. இரண்டு பேரும் ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் தூசி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிஷம். வேறு ஒன்றுமே இல்லை.

“அடேங்கப்பா, என்னா உழைப்பு” என்று கழுகு சாப்பாட்டு டப்பாவிடம் சொன்னாள். அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தபோதுகூட அவ்வளவு வந்ததில்லை.

ஏனென்றால் அவள் இருநூறு பட அட்டைகள் வாங்கி வைத்திருந்தாள். யானை, விமானம், ஆப்பிள், ரயில். அந்தப் பெட்டியை நாத்தனார் பகலில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. ஆறரைக்குக் கழுகு வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு முதலில் எடுப்பது அந்த அட்டைகளைத்தான். பாப்பாவைச் சுவரோரம் உட்காரவைத்து, முகத்துக்கு நேராக நீட்டுவாள். “யானை. சொல்லு, யானை.” பாப்பா தரையில் கிடக்கும் ரப்பர் வளையத்தைப் பார்ப்பாள். தாடையைப் பிடித்துத் திருப்பி, “இங்க பாரு. யானை” என்பாள். பாப்பா ரப்பர் வளையத்தை எடுத்து அம்மா முகத்துக்கு நேராக நீட்டுவாள். “அதைக் கீழ போடு. யானை.” இருபது அட்டைக்குள் பாப்பா அழுதுவிடுவாள். நாத்தனார் சமையலறையிலிருந்து பாத்திரத்தை ‘ணங்’கென்று வைப்பாள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் கழுகுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, பகல் பதிவை ஓட்டிப் பார்த்து அறிக்கை எழுத ஆரம்பித்தாள். அவள் வேலையில் நிகழ்வுப் பதிவு எழுதுவதற்கு ஒரு விதி உண்டு. கண்ணில் பட்டதை மட்டும் எழுதவேண்டும். ‘திருடினார்’ என்று எழுதக்கூடாது, ‘பொருளை எடுத்துப் பைக்குள் வைத்தார்’ என்று எழுதவேண்டும். ஊகம் ஒரு சொல் கலந்தாலும் மேலிடம் தூக்கி வீசிவிடும். பதினோரு வருஷத்தில் அவள் அறிக்கை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையோடுதான் நாத்தனார்மேல் குற்றப்பத்திரிகை எழுத உட்கார்ந்தாள். பாப்பா எத்தனை தடவை எதையாவது கேட்டாள், நாத்தனார் எத்தனை தடவை கண்டுகொள்ளாமல் கிடந்தாள் என்று எண்ணிக் கொடுத்துவிட்டால், புருஷனே பையைத் தூக்கி வாசலில் வைப்பான்.

‘9.12. குழந்தை ஜன்னலை நோக்கி விரல் நீட்டியது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். குழந்தை பெரியவர் முகத்தைப் பார்த்தது. பெரியவர் வாய் அசைந்தது.

9.15. குழந்தை ஒரு கரண்டியைக் கொண்டுவந்து காட்டியது. பெரியவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியைப் பார்த்தார். வாய் அசைந்தது.

9.21. குழந்தை தரையில் எதையோ பார்த்தது. எறும்பாக இருக்கலாம்.’

கடைசி வாக்கியத்தை அடித்தாள். அது ஊகம்.

கண்டுகொள்ளாமல் விட்ட தடவைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. விரல் நீட்டியது நாற்பத்தொன்று, பெரியவர் பார்த்தது நாற்பத்தொன்று, வாய் அசைந்தது நாற்பத்தொன்று என்று முடிந்தது அன்றைய கணக்கு. எரிச்சலாக இருந்தது. செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் பிள்ளை காட்டுகிற பக்கமெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதும் ஒரு வளர்ப்பா என்று பல்லைக் கடித்தாள். ஆனாலும் எண்ணிக்கையை மாற்றவில்லை. அதை மட்டும் அவளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அது நடந்தது. வேலை நேரத்தில் கைப்பேசியைத் திறக்கக்கூடாது என்பதால் மதியம்தான் பார்த்தாள். கூடத்தின் நடுவில் நின்றிருந்த பாப்பா தலையை உயர்த்தினாள். கையை உயர்த்தினாள். விரல் நேராகக் கேமராவை நோக்கி நீண்டது. நாத்தனார் அந்த விரல் போன வழியே கண்ணைக் கொண்டுபோனாள். எழுந்து வந்தாள். முகம் பெரிதாகி, பெரிதாகித் திரையை அடைத்துக்கொண்டது. இருபது வருஷம் பொத்தான் துளைகளைப் பார்த்த கண் லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தது. கழுகு கைப்பேசியை மேசையில் கவிழ்த்துவிட்டாள். தானே மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது.

திரும்ப எடுத்துப் பார்த்தபோது நாத்தனார் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேமராவுக்கு நேராக நின்றிருந்தாள். பாப்பா கேமராவைப் பார்த்தாள், அத்தை முகத்தைப் பார்த்தாள். நாத்தனாரின் வாய் அசைந்தது. ஒரே ஒரு சின்ன அசைவு. பாப்பா மறுபடி விரல் நீட்டினாள். மறுபடி அதே அசைவு. பிறகு நாத்தனார் கேமராவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, கழுகின் ஈரக்குலை வரைக்கும் இறங்கியது.

என்ன சொன்னாள்? பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தாள். உதடு மூடித் திறந்ததைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. மலிவாக வாங்கிய புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்று தோன்றியது. பேயா? பிசாசா? திருடியா? என் பிள்ளைக்கு என்னைக் காட்டி என்ன பெயர் சொல்லிக் கொடுத்தாள்?

அன்று சாயங்காலம் அவள் சுவரிடம் பேசவில்லை.

“அண்ணி, கேமராவைப் பாத்து என்ன சொன்னீங்க?”

நாத்தனார் பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “ஓ. கேமராவா அது? நான் ஏதோ எலிப்பொறின்னு நினைச்சேன்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“என்னைத் திருடி மாதிரி பொட்டியில புடிச்சு வச்சுப் பாக்குறவளுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்? நாலு நாளா பாத்தியே, என்னத்தக் கண்டுபிடிச்ச?”

“பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்காம வெட்டியா மல்லாந்து கிடக்குறதைக் கண்டுபிடிச்சேன்.”

“அவ கண்ணு போற பக்கம் என் கண்ணும் போகுது. அது உனக்கு வெட்டியா?” நாத்தனார் கடைசிப் பொத்தானைப் போட்டாள். “அந்தப் பொட்டியைக்கூட நானா கண்டுபிடிக்கல. உன் பொண்ணுதான் காட்டினா. நீ வச்சதை அவ பாத்துட்டா. அவ காட்டுறதை நீ என்னைக்குப் பாத்த?”

புருஷன் வாசலில் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நின்றான். “ரெண்டு பேரும் கொஞ்சம்…” என்று ஆரம்பித்தவன், இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு மிச்சத்தை முழுங்கினான்.

“ஞாயித்துக்கிழமை உங்கக்கா கிளம்பணும்” என்றாள் கழுகு. “இல்லன்னா நான் பிள்ளையைத் தூக்கிட்டுக் கிளம்புவேன்.”

“நீ கிளம்ப வேணாம்மா” என்றாள் நாத்தனார். “எனக்கும் மானம் இருக்கு. டாக்டர் என்ன சொல்றாங்கன்னு மட்டும் கேட்டுட்டுப் போறேன்.” அன்றே கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

சனிக்கிழமை நாலு பேரும் ஒரே ஆட்டோவில், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். டாக்டரின் அறையில் ஒரு பாய், மரக்கட்டைகள், ஒரு பந்து, சின்ன நாற்காலிகள். கழுகு தாளையும் நான்கு பக்க அறிக்கையையும் நீட்டினாள். தாளில் ‘உங்களுக்கு’, ‘நீங்கள்’ என்று கேட்ட அந்த மூன்று கேள்விகளுக்குக் கட்டம் காலியாகவே இருந்தது. டாக்டர் அறிக்கையை நிதானமாகப் படித்தார்.

“இவ்வளவு சுத்தமா ஒருத்தர் எழுதிக் குடுத்து நான் பாத்ததில்ல. இந்தப் பெரியவர் யாரு?”

கழுகு முகத்தால் காட்டினாள். “முழுசா படிச்சீங்களா டாக்டர்? காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல.”

“நாப்பத்தொரு தடவ வாய் அசைஞ்சுதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

கழுகு எட்டி அந்த வரியைப் பார்த்தாள். அவள் எழுத்துதான்.

“பிள்ளை ஒண்ணைப் பாக்குற நேரத்துல, அதையே நாமளும் பாத்துப் பேர் சொன்னா, அந்தப் பேர் உள்ள போய் உக்காரும். அவ யானையைப் பாக்காதப்ப யானைன்னு நூறு தடவ சொன்னாலும் அது அவளுக்கு வெறும் சத்தம். பேச்சு கொஞ்சம் தாமதம்தான், கூடவே இருந்து பாக்கணும். ஆனா இந்த நாப்பத்தொண்ணு இருக்கே, அது எனக்குத் தைரியம் குடுக்குது.” டாக்டர் தாளைப் புரட்டினார். “எல்லா நாளும் ஆறரையோட நிக்குது. அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் நான் வந்துடுவேன்.”

“கேமரா ஓடுமில்ல?”

ஓடும். ஆறரைக்குப் பிறகும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பதிவைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. கண்காணிப்பு அறையில் முப்பத்திரண்டு திரைகள் உண்டு, கண்காணிக்கிறவளைக் காட்டும் திரை கிடையாது. கீழே போடச் சொன்ன ரப்பர் வளையம் அவள் ஞாபகத்துக்கு வந்தது. தினமும் ஒன்றை அவள் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கிறாள் பாப்பா. நேற்று நீட்டியது என்ன என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

“சரி, நீங்க கொஞ்சம் அவகூட விளையாடுங்க. நான் பாக்குறேன்” என்றார் டாக்டர்.

கழுகு பாயில் உட்கார்ந்தாள். பையில் அட்டைகள் இருந்தன. கை தானாக அதற்குள் போய், பாதியில் நின்றது. வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாத்தனார் சுவரோரச் சின்ன நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, நெய்த துணியில் பிசிறு தேடுகிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா கட்டைகளைத் தொடவில்லை. தலையை உயர்த்திக் கூரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு கேமரா இருந்தது. வெள்ளைப் பெட்டி, நடுவில் கறுப்பு வட்டம். பாப்பாவின் முகம் மலர்ந்தது. கை உயர்ந்தது. விரல் நீண்டது.

“அம்மா” என்றாள்.

தெளிவாக, இரண்டு உதடும் மூடித் திறந்து. முதல் வார்த்தை.

பாப்பா திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை பார்க்கிறாளா என்று சரிபார்த்தாள். மறுபடி மூலையைக் காட்டி, “அம்மா” என்றாள்.

“இதைத்தான் சொன்னேன்” என்றாள் நாத்தனார். குரலில் விஷமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. “அது யாருன்னு பிள்ளை விரலாலயே கேட்டா. அம்மான்னு சொன்னேன். அதுல நம்மளப் பாக்குறது நீதானே. உன்மேல இருந்த ஆத்திரத்துலதான் சொன்னேன், இல்லேங்கல. ஆனா பொய் ஒண்ணும் சொல்லலியே.”

கழுகுக்கு முகம் தீய்ந்தது. ஓங்கி ஒரு அறை விடவேண்டும்போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. இருபது மாசம் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. வந்து, அவள் தலைக்கு மேலே கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. பாப்பாவின் விரல் இன்னும் இறங்கவில்லை. நாத்தனார் வேண்டுமென்றே கண்ணைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டாள். அங்கே பதில் கிடைக்காத பாப்பா, சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் அவள் பார்வை கழுகின் முகத்தில் வந்து நின்றது. காத்திருந்தாள்.

கழுகு முதல் முறையாக அந்த விரல் போன வழியே பார்த்தாள். தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து நகத்தில் அழுக்கேறிய அந்தச் சின்ன விரல், அங்கிருந்து மூலைக்கு. பார்த்துவிட்டுப் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அது கேமரா” என்றாள். “கேமரா.”

பாப்பா அவள் வாயையே பார்த்தாள். விரல் அங்கேயே நின்றது.

கழுகு எழுந்தாள். டாக்டரைத் தாண்டி, புருஷனைத் தாண்டி, அந்த மூலைக்குப் போனாள். கேமராவுக்கு நேர் கீழே சுவரில் முதுகு ஒட்ட நின்றாள். அவளுக்குச் செய்யத் தோன்றியது அவ்வளவுதான். பாப்பாவின் கண் மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. விரல் ஒரு சாண் இறங்கித் தடுமாறி நின்றது.

“இன்னும் கொஞ்சம் குனி” என்றாள் நாத்தனார், அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்து. “அவ உயரத்துக்கு வரல.”

கழுகு நாத்தனாரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு சுவரோடு சுவராகச் சரிந்து, மெல்ல மண்டியிட்டாள்.